டால்பினுக்கும் கடல்சிங்கத்துக்கும் இரத்தம் எடுத்தவர்கள் எழுதுங்கள்

உப்பங்கழி:
புளோரிடாவின் சாரசோட்டா விரிகுடாவில் டால்பின்களைப் பிடித்து, உடல்நலம் பார்த்து, திரும்ப விட்டுவிடும் பணியில் ஆய்வக உதவியாளாக இருந்திருக்கிறேன். அங்கே டால்பின் ஆய்வு 1970இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. கடலில் திரியும் டால்பின்களைப் பற்றி இத்தனை நீண்ட காலம் நடந்த ஆய்வு வேறில்லை. தாய், மகள், பேத்தி என்று வம்சாவளி தெரிந்த விலங்குகள்.

ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து வலையை வட்டமாக வளைப்பார்கள். ஆட்கள் தண்ணீரில் இறங்கி டால்பினை அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். கால்நடை மருத்துவர் வால்துடுப்பைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் தடவுவார். தோல், வேகவைத்து உரித்த முட்டையைப் போல வழவழவென்று இருக்கும். அதில் மெல்லிய பள்ளமாகத் தட்டுப்படும் கோடுதான் இரத்த நாளம் ஓடும் தடம். நடுவில் தமனி, அதைச் சுற்றிலும் பின்னிய சிரைகள். உடல் சூட்டைக் காக்க டால்பினுக்கு வாய்த்த அமைப்பு, நமக்கு ஊசி குத்த வசதியாகிவிட்டது.

பிடிக்கிற காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பாடு முழுவதும் படகில், இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் பக்கத்தில். இரத்தத்தை அப்படியே வெயிலில் விட்டால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். நலமாக இருக்கும் விலங்குக்கும் குளுக்கோஸ் குறைந்து காட்டும். சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். எனவே நிழலில் உறையவிட்டு, தாமதிக்காமல் சுழற்றி, அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். ஆடுகிற படகில் இதைச் செய்து பார்த்தால் தெரியும்!

மனிதர்களின் அறிக்கையைப் படித்துப் பழகியவர்களை ஓர் எண் குழப்பும்: அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. நமக்கு அது ஏறினால் ஈரலா, எலும்பா என்று கவலைப்படுவோம். டால்பினுக்கு இறங்கினால்தான் கவலை. வளரும் குட்டிகளுக்கு இயல்பாகவே உயர்ந்திருக்கும். நோய் வந்தாலோ, இரை எடுக்காமல் இருந்தாலோ சரியும். கூடவே ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகம்) ஏறி, இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் உடலுக்குள் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். வெளியில் பார்த்தால் துள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

அலைக்கரை:
உங்கள் டால்பின் சாது. நான் கலிபோர்னியாவில் கடல்சிங்கங்களைப் பராமரிக்கும் மையம் ஒன்றில் தன்னார்வலன். கடல்சிங்கம் கடித்தால் கை மிஞ்சாது. பலகையை முன்னால் பிடித்துச் சுவரோரம் ஒதுக்கி, அனுபவசாலி ஒருவர் கழுத்துக்குப் பின்னால் அமுக்கிய பிறகுதான் மற்றவர்கள் நெருங்குவோம். ஊசி குத்துவது இடுப்பின் பின்புறத்தில்.

கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது சில ஆண்டுகளில் ஒரே மாதிரி நோயாளிகளாக வந்து குவியும். துடுப்புகளை வயிற்றின்மேல் மடித்து இறுக்கிக்கொண்டு படுத்திருக்கும். தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும். வேண்டிய நீரை மீனிலிருந்தே எடுத்துக்கொள்ளும் விலங்கு தண்ணீர் குடிக்கிறது என்றாலே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். அறிக்கை வரும்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா, கிரியேட்டினின், பாஸ்பரஸ் மூன்றும் உச்சத்தில். சிறுநீரகம் போய்விட்டது. லெப்டோஸ்பைரா கிருமி, நம் ஊர்களில் மழைக்காலத்தில் பேசப்படும் எலிக் காய்ச்சல்தான். சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் கூண்டைக் கழுவக்கூட விடமாட்டார்கள். ஆன்டிபயாடிக்கும் நீரேற்றமும் கொடுத்தும் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. கிரியேட்டினின் எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் பேசாமல் அடுத்த கூண்டுக்கு நகர்ந்த காலைகள் உண்டு.

நீலவால்:
நான் காட்சியகத்தில் டால்பின்களைப் பழக்கியவள். எங்கள் டால்பின் குளத்தின் விளிம்புக்கு வந்து, மல்லாந்து, வாலை என் மடியில் வைக்கும். வேண்டாம் என்றால் இழுத்துக்கொண்டு போய்விடும், அதைத் தடுக்கமாட்டோம். காலையில் முதல் மீன் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுவோம். தின்ற பிறகு எடுத்தால் சீரம் கொழுப்பேறிப் பால் நிறத்தில் கலங்கி, பல அளவுகளைக் கெடுக்கும்.

உப்பங்கழி அவர்களிடம் ஒரு கேள்வி. வலைபோட்டுத் துரத்திப் பிடித்த விலங்கின் இரத்தத்தில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்து என்ன பயன்? பயத்தில் ஏறத்தானே செய்யும்?

உப்பங்கழி:
நியாயமான கேள்விதான். ஏறத்தான் வேண்டும். ஏறாதபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்தது. எண்ணெய் படிந்த லூசியானாவின் பராட்டாரியா விரிகுடாவில் 2011 ஆகஸ்டில் இதே முறையில் டால்பின்களைப் பிடித்துச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் எட்டாத சாரசோட்டாவின் எண்கள் கைவசம் இருந்தன. பராட்டாரியாவில் பல டால்பின்களுக்கு, அத்தனை பதற்றத்திலும், கார்டிசால் குறைவாகவே இருந்தது, ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் அப்படியே. இரண்டையும் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பழுதுபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அல்ட்ராசவுண்டில் நுரையீரலைப் பார்த்தால், மிதமான அல்லது கடுமையான நோய் இருக்கும் வாய்ப்பு சாரசோட்டாவைவிட ஐந்து மடங்கு. ஏறக்குறைய பாதி விலங்குகளின் நிலை கவலைக்கிடம். 17 சதவீதம் தேறாது என்றே மருத்துவர்கள் எழுதினார்கள்.

நீங்கள் மடியில் வைத்து எடுப்பது அமைதியான நேரத்து அளவு. அதுவும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடியில் அந்தச் சுரப்பி வேலை செய்கிறதா என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

பராட்டாரியாவில் சினையாக இருந்தவற்றைப் பின்னர் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தில் ஒன்றுக்குத்தான் குட்டி உயிரோடு தங்கியது. எண்ணெய் படாத இடத்து டால்பின்களில் அது 83 சதவீதம்.