மெமோவில் மணி பாருங்கள்

செல்வி அத்தை: கவிதா, இருக்கிறாயா? மாடி வீட்டுப் பையனை இப்போதுதான் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவன் அம்மா என் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறாள்.

கவிதா சித்தி: அண்ணி, கைது என்றார்களா, விசாரணை என்றார்களா?

செல்வி அத்தை: "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்றார்களாம்.

கவிதா சித்தி: வழக்கமாகச் சொல்வதுதான். ஸ்டேஷனுக்குப் போய் முதலில் அதைக் கேளுங்கள். கைது என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அவனுக்குப் புரிகிற மொழியில். எந்தக் குற்றமானாலும் சரி என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உடனே எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம், கொண்டுபோக 2 மணி நேரம் முன்னாலாவது எழுதிய காரணம் அவன் கையில் இருக்க வேண்டும்.

அருண்: சித்தி, படத்தில் வருகிற மாதிரி "நீ பேசாமல் இருக்கலாம்" என்று சொல்ல மாட்டார்களா?

கவிதா சித்தி: அது அமெரிக்காடா, 1966 மிராண்டா தீர்ப்பு. இங்கே அந்த வசனம் கிடையாது, உரிமை மட்டும் உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவு.

பெரியப்பா: ஸ்டேஷனில் போய்ச் சட்டம் பேசினால் இன்னும் கோபம்தான் வரும். தெரிந்த பெரிய மனிதர் யாரையாவது பேசச் சொல்லலாமே.

கவிதா சித்தி: அவரும் வரட்டும் அத்தான். அதற்குள் அரெஸ்ட் மெமோ, அதாவது கைது செய்த நேரம் எழுதுகிற தாளை, எழுதி முடித்துவிடுவார்களே! அண்ணி, அதில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும், வீட்டாரே போடலாம். போடும் முன் மணியைப் பாருங்கள். இன்று பிடித்துவிட்டு நாளைக் காலை என்று எழுதியிருந்தால் போடாதீர்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மணி மாறினால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

செல்வி அத்தை: வக்கீல் வைக்க வசதி இல்லையாம்.

கவிதா சித்தி: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவசச் சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள். விசாரணைக்கு நடுவிலும் வக்கீல் அவனைப் பார்க்கலாம், முழு நேரமும் கூடவே உட்கார முடியாது, அவ்வளவுதான். அப்புறம், ஜாமீனில் விடக்கூடிய வழக்கா என்று கேட்க மறக்காதீர்கள். அதை அவர்களே சொல்ல வேண்டும், பல சமயம் சொல்வதில்லை.

செல்வி அத்தை: சரி, ஆட்டோ வந்துவிட்டது.

கவிதா சித்தி: அவனைக் கூட்டிப் போனது எத்தனை மணிக்கு?

அருண்: வாசல் கேமராவில் 6.40. பதிவை இறக்கி வைத்துவிட்டேன்.