28 அடி ஃபைபர் படகில் பக்கக்கழியை எந்த இடத்தில் பொருத்துவது?

மணப்பாட்டுக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 28 அடி ஃபைபர் படகு. நடுவில் ஆறரை அடி அகலம், பின்னால் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். வருடத்தில் பாதி நாள் வலைத் தொழில். காற்று அடங்கிய மாதங்களில் நெய்மீனுக்கும் சூரைக்கும் படகை ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுக்கிறோம்.

இதுவரை மூன்று தூண்டில்கள் விடுகிறோம். மூன்றும் படகின் பின்முனையான அமரத்திலிருந்தே போவதால், எஞ்சின் கலக்கிவிடும் வெள்ளை நுரைக்குள்ளேயே பொய்யிரை ஓடுகிறது. போன வாரம் தூரத்தில் பறவைகள் கூட்டமாக விழுவதைப் பார்த்துப் படகைச் சட்டென்று திருப்பினேன். மூன்று தங்கூசியும் (தூண்டில் நரம்பு) கயிறு திரித்தது போல ஒன்றாக முறுக்கிக்கொண்டன. கத்தியால் அறுத்ததில் இரண்டு பொய்யிரைகள் போயின. மீதியை அவிழ்த்து நிமிர்ந்தபோது பறவைகள் இல்லை, மீனும் இல்லை.

அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கழிகளை வெளியே நீட்டி, தூண்டில்களைத் தள்ளி விடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எங்கே பொருத்துவது என்பதில்தான் குழப்பம். அமரத்தின் இரண்டு மூலைகளில் வைத்தால் கைக்கு எட்டும் என்கிறார்கள் இங்கே. நடுப்படகில் வைத்தால் வலை ஏற்றும்போது மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. எங்களுடையது மணலில் ஏற்றும் படகு. அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் 32 அடி எழுதியது:

என் படகில் வெயிலுக்குப் போட்ட கூரைச்சட்டம் இருக்கிறது. அதன் மேல் குழாயில் கழிகளைப் பொருத்தியிருக்கிறேன். உயரத்திலிருந்து போவதால் தூண்டில் நன்றாக விலகி ஓடுகிறது, வலைக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் உங்கள் படகில் கூரை இல்லையென்றால் இதற்காகவே ஒன்றைக் கட்டாதீர்கள். ஆறரை அடி அகலப் படகில் தலைக்கு மேல் பாரம் ஏறினால் ஆட்டம் கூடிவிடும்.

தருவைக்குளம் பழைய படகோட்டி எழுதியது:

தம்பி, அமரத்து மூலை வேண்டாம். நான் அங்கேதான் முதலில் வைத்தேன், அதனால் சொல்கிறேன்.

இரும்புக் குழாயில் அடிப்பிடி செய்து, மூலைக்கு நான்கு போல்ட் போட்டு முடுக்கினேன். கீழே சின்ன வாஷர் மட்டும். பார்ப்பதற்கு அசையாமல் நின்றது. மூன்றாவது நாள் பக்கவாட்டில் ஓர் அலை தூக்கியபோது கழி முழுவதும் ஒரு குலுக்குக் குலுக்கியது. நான்கு போல்ட்டும் ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. விளிம்பில் ரூபாய் நாணயம் அளவுக்கு நான்கு ஓட்டைகள். கழி சுக்கான் பிடித்திருந்த என் மைத்துனரின் தோளில் விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காரணம் எளிது. கழி 15 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் 5 கிலோ இழுத்தாலே, அடியிலிருந்து ஓரடி தள்ளி 75 கிலோ இழுப்பதற்குச் சமம். மெல்லிய விளிம்பு மட்டும் அதைத் தாங்காது. அதோடு, மூலையில் நட்டுப் பின்பக்கமாகச் சாய்த்தால் நுனி படகுக்கு வெகுதூரம் பின்னால் போய்விடும். அங்கே கயிறு சிக்கினால் எடுக்க வழி இல்லை.

உங்கள் படகில் குறுக்குப் பலகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அமரத்திலிருந்து பத்து, பதினோரு அடி முன்னால் ஒன்று இருந்தால் அதுதான் இடம். கழி 17 அடி எடுங்கள். 15 அடி வெளியே, இரண்டடி உள்ளே. உள்ளே வரும் அடிப்பாகம் குறுக்குப் பலகைக்குக் கீழே நுழைய வேண்டும், மேலே வைக்கக் கூடாது. வெளியே நுனி தாழத் தாழ உள்ளே அடி மேலே எழும்பும். பலகை அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். படகின் விளிம்பில், பலகைக்கு ஓரடி பின்னால், கழி உட்காரப் பிறைபோல் வெட்டிய ஒரு மரக்கட்டை. அதற்கு மட்டும் இரண்டு போல்ட், கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு. 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள். 304 கடல்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். துளை போட்டவுடன் ஓரங்களில் ரெசின் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே ஊறும்.

இப்படிச் செய்தால் வெளிப்பக்கம் எதுவும் துருத்திக்கொண்டிருக்காது. வலைக்குப் போகும் மாதங்களில் கழியை உருவிக் கரையில் வைத்துவிடலாம். விளிம்பில் நிற்பது மழமழவென்று தேய்த்த ஒரு கட்டைதான், அதில் வலைக்கண் மாட்டாது.

சாய்வு முக்கியம். கிடைமட்டத்திலிருந்து 30 பாகையாவது தூக்கி, 30 பாகை பின்னால் சாயுங்கள். நுனி தண்ணீரிலிருந்து பத்தடி உயரத்தில் நிற்கும். படகு 20 பாகை உருண்டாலும் நான்கடிக்கு மேல் மிச்சம் இருக்கும். தூண்டில் இன்னும் அகலப் போகட்டும் என்று ஆசைப்பட்டு 15 பாகைக்குத் தாழ்த்தினால், அதே உருளலில் நுனிக்கும் தண்ணீருக்கும் அரையடிதான். ஓடும் படகில் நுனி தண்ணீரைத் தொட்டால் கழி முறியும், அல்லது கட்டை பிய்யும். 30 பாகையிலேயே இரண்டு நுனிகளுக்கும் இடையே ஏறக்குறைய 29 அடி கிடைக்கிறது. இப்போது உங்களுக்கு இருப்பது ஆறரை அடி கூட இல்லை.

கழியின் நடுவிலிருந்து படகின் முன்முனையான அணியத்துக்கு ஒரு தாங்கு கயிறு கட்டுங்கள், பின்னிழுப்பை அது வாங்கிக்கொள்ளும். தூண்டில் கயிற்றைக் கழியில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. நுனி வளையத்தில் ஓடும் கயிற்றில், சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, அதில் தங்கூசியைப் பிடிக்க வையுங்கள். மீன் அடித்தவுடன் ரப்பர் அறுந்து, பாரம் முழுவதும் அமரத்தில் கட்டியிருக்கும் முனைக்கு வந்துவிடும். கழி மீனைச் சுமக்கக் கூடாது.

முல்லைத்தீவு எழுதியது:

பெரியவர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் 18 அடிப் படகில் அறுக்குளாவுக்கு (நீங்கள் நெய்மீன் என்பது) இப்படித்தான் இழுக்கிறோம், எங்களுக்கு 10 அடி மூங்கில் போதுமாக இருக்கிறது. துளை போடுவதற்கு முன் ஒரு வாரம் கயிற்றால் மட்டும் கட்டி ஓடிப் பாருங்கள். திரும்பும்போது எந்தக் கயிறு எதன் மேல் போகிறது, சுக்கான்காரருக்கு நுனி தெரிகிறதா, ஐஸ் பெட்டி மூடியைத் திறக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் கடலில்தான் தெரியும். கரை பிடிக்கும்போது, முதல் அலை உடையும் இடத்துக்கு வெகு முன்பே கழிகளை உள்ளே எடுத்து நீளவாக்கில் கட்டிவிடுங்கள். அலையில் கழி வெளியே இருந்தால் படகைத் திருப்பிப் போட்டுவிடும்.

மணப்பாட்டுக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் இன்று மணலிலேயே கட்டிப் பார்த்தோம். அமரத்திலிருந்து பத்தடி எட்டு அங்குலத்தில் குறுக்குப் பலகை இருக்கிறது. அடியைப் பலகைக்குக் கீழே நுழைத்து, தம்பியை நுனியில் தொங்கவிடாத குறையாகக் கையால் இழுக்கச் சொன்னேன். பலகை முனகியது, கழி நகரவில்லை. வலது பக்கம் மட்டும் ஐஸ் பெட்டி மூடி கழியில் இடிக்கிறது. பெட்டியைத்தான் ஒரு சாண் முன்னால் தள்ள வேண்டும். நாளை விடியற்காலையில் கயிற்றுக் கட்டோடு போகிறோம்.

தருவைக்குளம் பழைய படகோட்டி எழுதியது:

பெட்டியையே தள்ளுங்கள், கழியைத் தள்ளாதீர்கள். நாளை முதல் ஒரு மணி நேரம் தூண்டில் இல்லாமல் வெறும் கழியோடு ஓடிப் பாருங்கள். திருப்பும்போது மெதுவாக.