ஓரறை வீட்டுப் புழுக்கம்: உங்கள் புளோக்கில் என்ன செய்தீர்கள்?

புக்கிட் மேரா அக்கா

சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) தள்ளி ஒரு வாடகை புளோக் இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் வாடகைக்கு விடுவது. பழைய கட்டடம். நடுவில் நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் எதிரெதிரே கதவுகள். பகலிலும் அங்கே விளக்கு எரியும். ஓரறை வீடு என்றால் 33 சதுர மீட்டர்தான். பல வீடுகளில் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லாத இரண்டு முதியவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள்.

2024 ஏப்ரலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு 300 வெள்ளி (டாலர்) பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்தது. மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் பொருள்களை அதை வைத்து வாங்கலாம். ஆனால் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னியல் அடையாளக் கணக்கு வழியாக எடுக்க வேண்டும். கைப்பேசி பழக்கமில்லாத முதியவர்களுக்கு உதவலாம் என்று நாங்கள் நான்கு பேர் வீடு வீடாகப் போனோம். எல்இடி விளக்குப் படம் போட்ட தாள் ஒன்றும் கையில் வைத்திருந்தோம்.

மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளக்கு நல்லாத்தாம்மா எரியுது. ராத்திரி தூக்கந்தான் வர மாட்டேங்குது" என்றார். என் கையைப் பிடித்துக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் வைத்தார். இரவு மணி எட்டரை. அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் ஆன தோசைக்கல் மாதிரி சுவர் கதகதவென்று இருந்தது. மேற்குப் பார்த்த சுவர். மாலை வெயில் முழுக்க அதில்தான் விழும். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறது.

2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது நினைவிருக்கும். 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தை அது தொட்டது. அன்று எல்லாரும் அந்த எண்ணைத்தான் பேசினோம். ஆனால் அது வெளியே, பகலில் அளந்த எண். இரவு பத்து மணிக்குப் பாட்டியின் அறையில் எத்தனை டிகிரி என்று யாரும் அளந்ததில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அந்தச் சுவரைத் தொட்ட பிறகுதான் தோன்றியது.

மலிவான வெப்பமானி பன்னிரண்டு வாங்கி, ஒத்துக்கொண்ட வீடுகளில் மாட்டினோம். ஐந்தாம் மாடியில் ஒரு மக்சிக் (மலாய் ஆண்ட்டி) இருக்கிறார். "நீங்க தினமும் வர முடியுமா? நான் இங்கேயே இருக்கேன், நான் எழுதுறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்டார். பேத்தியின் பள்ளி நோட்டில் கோடு போட்டு, இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதினார். ஒரு மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. நோட்டைப் பார்த்தபோது மேற்குப் பக்க வீடுகளில் பெரும்பாலான இரவுகள் 31, 32 என்று இருந்தன. எதிர்ப்பக்க வீடுகளில் ஒன்று, ஒன்றரை டிகிரி குறைவு.

இன்னொன்றையும் மக்சிக்தான் கவனித்தார். எதிரெதிர் வீட்டுக் கதவுகள் இரண்டும் திறந்திருந்த இரவுகளில் காற்று குறுக்கே ஓடியது. அப்படியானால் ஏன் எல்லாரும் கதவைச் சாத்தி வைக்கிறார்கள்? கேட்டோம். கட்டிலிலிருந்து கதவு நான்கு எட்டு. திறந்தால் படுத்திருப்பது நடைபாதையில் போகிற எல்லாருக்கும் தெரியும். தனியாக இருக்கும் பெண்களுக்குப் பயம் வேறு.

மக்சிக் பழைய சாரோங் துணிகளை வெட்டி, இரும்புக் கதவின் உள்பக்கம் மாட்டுகிற மாதிரி திரை தைத்தார். கம்பிக் கதவு பூட்டி இருக்கும், மரக்கதவு திறந்திருக்கும், திரை மறைக்கும், காற்று வரும். முதல் வாரம் நான்கு வீடு. பிறகு அந்த மாடியே கேட்டது. இப்போது நாலாம் மாடியில் தமிழ் ஆண்ட்டி ஒருவர் பழைய சேலைகளில் தைக்கிறார். நடைபாதையில் காற்றை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளையும் உடைந்த நாற்காலிகளையும் சேர்ந்து அகற்றினோம்.

நோட்டின் நகலை வசிப்போர் குழுக் கூட்டத்துக்கும் எடுத்துப் போனோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்ச்சிப் பூச்சைத் தெம்பனிஸில் நூற்றுக்கும் மேற்பட்ட புளோக்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2030க்குள் எல்லா வீவக பேட்டைகளுக்கும் கொண்டு வருவதாக அறிவித்தும் இருக்கிறார்கள். மேற்குச் சுவருள்ள வாடகை புளோக்குகளுக்கு முதலில் அடியுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. குளிர்சாதனம் வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சமாளிக்க முடியும். அந்தப் பாட்டியால் முடியாது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் பக்கம் என்ன நடக்கிறது? எழுதுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்

அக்கா, சாரோங் திரையை நான் எங்கள் புளோக்கிலும் சொல்லப் போகிறேன்.

என் அனுபவம் காத்தாடி (மின்விசிறி). 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழுதான பொருளைத் தூக்கிப் போடாமல், தொண்டூழியரோடு உட்கார்ந்து நீங்களே பழுதுபார்க்கலாம். நான் அங்கே போய்க் கற்றுக்கொண்டவன். ஆனால் வாடகை புளோக்கில் இருக்கும் முதியவர் ஸ்டாண்டு காத்தாடியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி வர மாட்டார். அதனால் நானும் இரண்டு நண்பர்களும் கருவிப் பையோடு அவர்கள் கீழ்த்தளத்துக்கே போனோம்.

முதல் நாள் காலையில் பதினொரு காத்தாடி வந்தது. ஒரு சீன அங்கிள் கூடவே ஒரு சாப்ஸ்டிக் குச்சியும் கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டதும் குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால்தான் சுற்றுமாம். இரண்டு வருடமாக அப்படியேதான். சில ராத்திரி தூக்கத்தில் மின்சாரம் போய் வந்தால் மறுபடி எழுந்து தள்ள வேண்டும்.

இது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். மோட்டார் முனகுகிறது, கையால் தள்ளினால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சின்னப் பாகம்) பலவீனமாகியிருக்கும். விலை சில வெள்ளிதான். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவைத்தான் போட வேண்டும். இன்னொரு பொதுவான கோளாறு, தண்டில் முடியும் தூசியும் சுற்றி எண்ணெய் காய்ந்து போவது. துடைத்துச் சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அன்று வந்ததில் எட்டு சரியானது. இரண்டை நான் திருப்பித் தரவே இல்லை, வயர் வெடித்திருந்தது. அதை மட்டும் பழகாதவர்கள் கை வைக்காதீர்கள்.

அங்கிளின் காத்தாடி சுற்றியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

பற்றுச்சீட்டில் டிசி மோட்டார் காத்தாடியும் வாங்கலாம். மின்சாரம் நன்றாகக் குறையும். இது நிறைய முதியவர்களுக்குத் தெரியாது. காத்தாடி பழுதுபார்க்க முடியாத நிலையில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அதை எடுத்துக் கொடுக்கிறோம்.

காய்கறிக் கூடை

நாங்கள் செய்த தவற்றையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விற்காத காய்கறிகளை வாங்கி வந்து வாடகை புளோக்குகளில் கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். தோற்றத்தில்தான் குறை, மற்றபடி அந்தக் காய்களில் கோளாறு ஒன்றும் இருக்காது. இங்கே உணவுக் கழிவில் பெரும்பகுதி எரிக்கப்பட்டு, சாம்பல் புலாவ் செமாக்கா தீவில் இருக்கும் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். அதனால் காப்பாற்றுகிற ஒவ்வொரு கூடையும் முக்கியம் என்ற வேகத்தில், ஒரு முறை நாற்பது கிலோ கீரையை இறக்கிவிட்டோம். மாலைக்குள் பாதி வாடி அழுகிவிட்டது. அவர்களிடம் இருப்பது சின்னக் குளிர்பதனப் பெட்டி. சிலரிடம் அதுவும் இல்லை. ஒரு அம்மா, "இந்தப் புழுக்கத்துல யாரு தம்பி கீரை ஆய்ஞ்சு அடுப்புக்கிட்ட நிப்பா?" என்று கேட்டார்.

இப்போது முதல் நாளே என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறோம். உருளைக்கிழங்கு, பூசணி, வெங்காயம், வெள்ளரி. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் மட்டும் பக்கத்துப் பேட்டைச் சமூகத் தோட்டத்திலிருந்து வரும். அது வந்த நிமிடமே தீர்ந்துவிடும்.

புதுக்கோட்டைத் தம்பி

நான் கட்டுமான வேலை. தங்கும் விடுதியில் இருக்கிறேன், வீவக இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன், சரி எழுதிவிடுகிறேன்.

2023 அக்டோபரிலிருந்து வெயிலில் கடின வேலை செய்பவர்களுக்கு, வெப்ப அழுத்த அளவு 32ஐத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும். அந்த அளவு சூடு, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது. அதனால் நிழலில் 32 டிகிரி என்று கைப்பேசி சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. எங்கள் அறையில் முதல் வாரம் புதுப் பையனோடு பழைய ஆள் ஒருவர் எப்போதும் கூட இருப்பார். தண்ணீர் குடித்தானா, தலை சுற்றுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. யாரும் சொல்லிச் செய்வதில்லை, நாங்களே வைத்துக்கொண்டது.

ஊரில் கோடைக்கு ஈர வேட்டியை ஜன்னலில் கட்டுவோம். இங்கே வந்த புதிதில் கட்டினேன், புழுக்கம்தான் கூடியது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது துணியிலிருக்கும் ஈரம் குளிர்ச்சி தராது. வாடகை வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா.

புக்கிட் மேரா அக்கா

தம்பி, தாராளமாக எழுதலாம். நல்லவேளை சொன்னீர்கள். இரண்டாம் மாடியில் ஒரு தாத்தா ஈரத் துண்டைத்தான் ஜன்னலில் போடுகிறார். ஜன்னலில் இருப்பதை எடுத்துக் கழுத்திலும் கையிலும் துடைத்துக்கொண்டு, காத்தாடி முன்னால் உட்காரச் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் மாடிப் பாட்டி வீட்டில் நேற்று இரவு 30.5. மக்சிக் இரண்டாவது நோட்டு தொடங்கிவிட்டார். இந்த முறை தூங்கினீர்களா இல்லையா என்று ஒரு கட்டமும் போட்டிருக்கிறார்.

ஸ்க்ரூடிரைவர் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் புளோக்கில் கேட்டுப் பார்த்ததில் இதுவரை பதினான்கு காத்தாடி இருக்கிறது. அதில் ஆறு, தள்ளிவிட்டால்தான் சுற்றும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்துக்கு வர முடியுமா? கெப்பாசிட்டர் என்ன அளவில் எத்தனை வாங்கி வைக்கட்டும்?