மறு: ஃப்ரீவீல் – விடுசக்கரமா, தள்ளுநிலையா?

வணக்கம்.

மின்சக்கர நாற்காலியில் ஒட்டும் எச்சரிக்கை வாசகங்களைத் தமிழாக்குவதில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன, 'ஃப்ரீவீல்' (மோட்டார் பக்கத்து லீவரைத் திருப்பி, நாற்காலியைக் கையால் தள்ளும்படி விடும் நிலை) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்கு 'விடுசக்கரம்', 'தளர்சக்கரம்' என்று வந்த இரண்டு பரிந்துரைகளையும் பார்த்தேன். அகராதியில் இருந்தால் இரண்டுமே அழகுதான். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, மோட்டார் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டியிருக்கும் அந்தத் துண்டைப் படிக்கிறவருக்கு இதில் என்ன புரியும்?

அந்த லீவர் செய்யும் வேலையைப் பாருங்கள். மோட்டாரோடு இருப்பது மின்காந்த பிரேக். மின்சாரம் வந்தால்தான் அது பிடியை விடும்; ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே இப்படித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அதனால் நின்றுபோன நாற்காலியைச் சும்மா தள்ள முடியாது, பேட்டரியோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டும் நாற்காலிகள் நிறைய இருக்கின்றன. லீவரைத் திருப்பினால் பிரேக் விடுபடும் (சில வகைகளில் பல்சக்கரத் தொடர்பே கழன்றுவிடும்), அப்புறம் தள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் நாற்காலிக்கு பிரேக்கே கிடையாது! சரிவில் நின்றுகொண்டு திருப்பினால் உட்கார்ந்திருப்பவரோடு உருண்டுவிடும், ஜாய்ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் பெரும்பாலும் கன்ட்ரோலர் விளக்கைச் சிமிட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

'விடுசக்கரம்' இதில் எதையும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு சைக்கிள்காரர்களுக்கு ஃப்ரீவீல் என்றால் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் பல்சக்கரம். அது ஒரு பாகம். நமக்கு வேண்டியது ஒரு நிலையின் பெயர். 'நியூட்ரல்' என்றே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது இன்னும் மோசம் ஐயா. நியூட்ரலில் கார் நின்றாலும் பிரேக்கை மிதித்தால் பிடிக்கும் என்று கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும், அதே நம்பிக்கையோடு இங்கே வருவார்கள்.

என் பரிந்துரை 'தள்ளுநிலை'. எதிர்ப்பக்கத்துக்கு 'ஓட்டுநிலை'. தள்ளுவண்டி போல வினைத்தொகைதான், புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த நிலையில் யாராவது ஒருவர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

என் நாற்காலியில் மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு லீவர். உதவிக்கு வந்த ஒருவர் 'ஃப்ரீ' என்ற எழுத்தைப் பார்த்து ஒன்றை மட்டும் திருப்பிவிட்டுத் தள்ளினார், நாற்காலி பிடித்திருந்த சக்கரத்தை மையமாக வைத்து வட்டம் போட்டது. அவர்மேல் தப்பில்லை, இரண்டையும் திருப்ப வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. எனவே வாசகத்தில் அதுவும் வர வேண்டும்.

இன்னொன்று, வேனில் ஏற்றும்போது பட்டை மாட்டும் நான்கு இடங்களுக்குக் கொக்கிப் படம் போட்டிருப்பதால் அதைக் 'கொக்கி' என்று பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். கொக்கி இருப்பது பட்டையில். நாற்காலியில் இருப்பது அதை மாட்டுகிற இடம், 'கட்டுமிடம்' போதும்.

ஒட்டவேண்டியது இப்படி, மஞ்சள் முக்கோணத்துக்குப் பக்கத்தில்:

தள்ளுநிலை – பிரேக் பிடிக்காது. சரிவில் திருப்பாதீர்கள். இரண்டு லீவரையும் திருப்பவும்.

'பிரேக்'குக்குப் பதில் 'நிறுத்தி' போடலாமா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், இந்த ஒட்டியில் வேண்டாம். ஓடுகிற நாற்காலியைப் பிடிக்கிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது.