வாய்ப்பிசிறு: ‘பர்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

கத்தியைக் கல்லில் தீட்டும்போது மறுபக்கமாகப் புரண்டு நிற்கும் மெல்லிய உலோக இழைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘பர்’ (burr) எனப்படுவதற்கு, தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை கருக்கு, மிகைவிளிம்பு, பிசிறு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

கருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பனைமட்டையின் கருக்கும் கதிரறுக்கும் கருக்கரிவாளும் பல் பல்லாக இருப்பவை. அந்தப் பல் அங்கேயே இருக்க வேண்டியது. பர் வந்து போகிற பொருள். மிகைவிளிம்பு பொருள் சரிதான், ஆனால் கல்லின் முன் உட்கார்ந்திருப்பவர் வாயில் வராது.

பிசிறு எனக்குப் பிடித்தது. லேத் பட்டறையில் கடைந்த துண்டைப் ‘பிசிறு எடுத்துக் கொடு’ என்கிறார்கள். ஆனால் பிசிறு என்றாலே குறையாயிற்றே, தீட்டுபவருக்கோ அது வர வேண்டிய அடையாளம் அல்லவா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

கையால் தீட்டக் கற்றபோது நான் தடுமாறிய இடமும் அதுதான். 45 மி.மீ. அகலக் காய்கறிக் கத்தி, நடுத்தரச் சொரசொரப்புள்ள 1000 எண் கல். 15 பாகைக் கோணத்துக்கு முதுகைச் சுமார் 12 மி.மீ. தூக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன், தேய்த்தேன்; எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. விரலில் கூராகப் பட்டதும் எழுந்துவிட்டேன். முதல் தக்காளி அழகாக அறுபட்டது. நான்காவது நசுங்கியது.

அப்புறம்தான் புரிந்தது. இரு சரிவுகளும் விளிம்பில் சந்திக்கும்போது அங்குள்ள உலோகம் தன்னையே தாங்க முடியாதபடி மெலிந்து, கல் படாத பக்கம் வளைகிறது. கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்தால் சொரசொரவென்று தட்டும். பருத்தித் துணியால் துடைத்தால் நூல் மாட்டும். பிடியருகிலிருந்து நுனிவரை இப்படித் தட்டினால்தான் கல் விளிம்பை எட்டியிருக்கிறது. எட்டிய பிறகு அந்த இழையை எடுக்காமல் விட்டால், பலகையில் நாலு வெட்டு விழுந்ததும் மடிந்துவிடும். என் கத்திக்கு நேர்ந்தது அதுதான்.

ஜப்பானில் தீட்டுபவர்கள் இதைக் ‘காஎரி’ என்கிறார்கள். திரும்புதல் என்று பொருள். அந்தப் பெயரில் குறை என்ற தொனியே இல்லை.

ஆகவே வாய்ப்பிசிறு. ‘கத்தி வாய் மழுங்கிவிட்டது’ என்கிறோமே, அந்த வாய். லேத் பிசிறிலிருந்து பிரிந்தும் நிற்கும், வினையும் இயல்பாக அமையும்: ‘வாய்ப்பிசிறு எழும்வரை ஒரு பக்கம் தீட்டு, கத்தியைத் திருப்பி மறுபக்கம், கடைசியில் அழுத்தாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை எடு.’ பள்ளிப் பிள்ளைக்குக்கூட இதற்கு விளக்கவுரை வேண்டாம். வாய்ப்பு என்று தொடங்குவதுபோல் கண் ஏமாறும் என்பது உண்மை. ‘வாய்ப் பிசிறு’ என்று பிரித்தே எழுதலாம்.

மென்மையான எஃகில் பிசிறு பெரிதாக எழுந்து, அறாமல் அங்குமிங்கும் புரண்டுகொண்டே இருக்கும். அதற்குக் ‘கம்பிப்பிசிறு’ சரியா? பிறகு, சவரக்கத்தியைக் கடைசியாக இழுக்கும் தோல்பட்டைக்குப் பழைய முடிதிருத்தகங்களில் கேட்ட பெயர் யாருக்காவது நினைவிருந்தால், ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.