சத்துவாச்சாரியில் ஹைட்ரேஞ்சியா: தளிர் மஞ்சளாகுது, இடம் மாத்தலாமா?

கேள்வி (வேலூர் சத்துவாச்சாரி)
வணக்கம். மார்கழியில் ஊட்டியிலிருந்து கருப்பு கவரில் வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா பூச்செடி, மேற்குச் சுவரோரம் தரையில் நட்டிருக்கோம். வந்தப்போ நீலப்பூ. பிறகு விட்ட ஒரே கொத்து வெளிர் ரோஸ். இப்போ தளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மதியம் துவண்டு தொங்குது, தண்ணி ஊத்தினாலும் நிமிரல, பொழுது சாய்ஞ்சா தானே எழுந்துக்குது. அம்மா ஆசைப்பட்டு வாங்கின செடி. கத்திரிக்குள்ள பிடுங்கி வேற இடத்துல வைக்கலாமா?

காட்பாடி
இப்போ பிடுங்கவே பிடுங்காதீங்கம்மா. வேர் அறுந்தா இந்த வெயிலுக்குச் செடி மீளாது. சாயங்காலம் எழுந்துக்குதுன்னா வேர் நல்லாத்தான் இருக்கு. இலை பெரிசு, மதியம் அது விடுற நீரை வேரால ஈடுகட்ட முடியல, அவ்வளவுதான். மண்ணுல விரல் விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. துவளுதேன்னு ஊத்தி ஊத்தி வேர் அழுகிப் போன செடிகள்தான் நம்ம ஊர்ல அதிகம். பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத பச்சை நிழல் வலை கட்டி, அடியில் காய்ந்த இலையை மூடாக்காப் போடுங்க.

உங்க போர் தண்ணி எப்படி? பக்கெட்டுல வெள்ளையா படியுதா?

கேள்வி கேட்டவர்
ஆமா அண்ணா, குழாய் வாயே வெள்ளையா அடைச்சுக்குது. அந்தச் சுவருக்குப் போன வருஷம்தான் சிமெண்ட் பூசினாங்க.

காட்பாடி
அதுதான் காரணம். சுண்ணாம்புத் தண்ணியும் சிமெண்ட் தூளும் மண்ணைக் காரமாக்கிடும். மண்ணுல இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, தளிர் மஞ்சளாகும். நீலம் ரோஸானதும் இதனாலதான்: அலுமினியம் கிடைச்சா நீலம். மண்ணோட கார அமில அளவு (pH, ஏற ஏற காரம்) 5.5-க்குக் கீழே இருந்தா அது கரைஞ்சு வேருக்குப் போகும், 6.5-க்கு மேலே மண்ணுலயே கட்டிப் போயிடும். முட்டை ஓடு, சாம்பல் ரெண்டையும் இந்தச் செடிப் பக்கம் கொண்டு போகாதீங்க. இரும்புச் செலேட் (வேர் எடுத்துக்கற வடிவத்துல இருக்கற இரும்பு உரம்) கேட்டு வாங்குங்க, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் கார மண்ணுல நிக்கும், இ.டி.டி.ஏ. (EDTA) வகை இங்க பிரயோஜனப்படாது.

குடியாத்தம்
படிகாரத்துல அலுமினியம் இருக்கு, அரை டீஸ்பூன் ஒரு லிட்டர்ல கரைச்சு ஊத்துங்க மேடம், நீலம் திரும்பும்.

காட்பாடி
திரும்பும் சார், ஆனா இப்போ வேண்டாம். படிகாரமும் உப்புதான், வாடின செடிக்கு உப்பு ஏத்தினா நுனி கருகும். முதல்ல இலை பச்சையாகட்டும். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியும் ஊத்தாதீங்க, அதுல உப்பு இன்னும் அதிகம். ஏ.சி.யிலிருந்து சொட்டுற தண்ணி பிடிச்சு ஊத்துங்க, அதுல சுண்ணாம்பு கிடையாது.

ஏலகிரி
ஒண்ணு சொல்லணும் தங்கச்சி, மனசு நோகாம கேளுங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், வேலூர் சுமார் 220. இந்தச் செடி மொட்டு கட்டணும்னா சில வாரமாவது நல்ல குளிர் வேணும். நீங்க பார்த்த ரோஸ் கொத்தோட மொட்டு ஊட்டியிலயே கட்டினது. கீழே செடி நல்லா இலை விட்டு வளரும், பூ கொஞ்சமாத்தான் வரும். அதை உரம் போட்டுச் சரிபண்ண முடியாது. எனக்கு இலையே அழகு, வளர்க்கறதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
அம்மாகிட்ட சொல்லிட்டேன், வளர்க்கலாம்னுட்டாங்க. அப்போ எப்போ, எப்படி மாத்தறது?

ஏலகிரி
ஐப்பசி மழை நின்னு மண்ணு ஆறினதும், கார்த்திகை கடைசியில. தரைக்கு வேணாம், 14 அங்குல மண் தொட்டி. செம்மண், இலை மக்கு, கழுவின தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவைக் கழுவாம போட்டா அதோட உப்பு வேரைச் சுடும். முதல் நாள் சாயங்காலம் நிறைய தண்ணி விட்டு, மறுநாள் விடியறதுக்குள்ள வேர்ப் பந்து உடையாம மண்ணோட தூக்குங்க. பழைய ஆழத்துக்கே வைங்க. கிழக்கு வாசல்ல, ஒன்பது மணி வரை வெயில் படுற இடம். பெரிய இலையில பாதியைக் கிள்ளிடலாம், ஆனா கிளை நுனியை வெட்டாதீங்க. வர்ற மொட்டு பழைய கிளை நுனியிலதான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. வலை இன்னிக்கே கட்டிடறோம். மழைத்தண்ணி பிடிக்க மாடியில டிரம் இருக்கு, ஐப்பசியில இருந்து அதையே ஊத்தறேன்.