மூளை லிம்போமா ஆய்வுகள்: கட்டி மறைந்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி (ஏற்காடு):
என் அக்காவுக்கு மூளை லிம்போமா (நிணநீர்ச் செல்களிலிருந்து மூளையில் வரும் புற்றுநோய்). சேலத்தில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். நான் படிக்கும் ஆய்வுகள் பலவும் ஆயுட்காலத்தை விட்டுவிட்டு, எம்ஆர்ஐயில் கட்டி மறைந்ததையும் நோய் முற்றாமல் இருந்த காலத்தையுமே முதன்மை அளவீடாகக் கொள்கின்றன. இவற்றைக் கொண்டு ஆயுளைக் கணிக்கலாமா?

பதில் (அஸ்தம்பட்டி):
அரிய நோயில் இறப்புக் கணக்கு சேரும்வரை காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும் என்பதால், ஆயுளுக்குப் பதிலாக இத்தகைய பதிலி அளவீடுகள் வந்தன. ஆனால் 2010-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், மெத்தோட்ரெக்சேட்டுடன் மூளை முழுவதும் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் (நடு மதிப்பு) 18.3 மாதம், பெறாதவர்களுக்கு 11.9 மாதம், ஆயுளோ முறையே 32.4, 37.1 மாதம். நோய் திரும்பியவர்களுக்கு அடுத்த சிகிச்சை கிடைப்பதால், நோய் முற்றாமல் இருந்த காலம் ஆயுளில் அப்படியே எதிரொலிப்பதில்லை.

பதில் (ஆத்தூர்):
அண்ணா சொல்வது சரி, ஆனால் மறுபக்கமும் உண்டு. ஐஇஎல்எஸ்ஜி32 என்ற பன்னாட்டு ஆய்வில் முழுமையாகக் கட்டி மறைந்தோர், இரண்டு மருந்து பெற்ற குழுவில் 23 விழுக்காடு, நான்கு மருந்து பெற்ற மாட்ரிக்ஸ் குழுவில் 49 விழுக்காடு. ஏழாண்டு உயிர்வாழ்வும் முறையே 21, 56 விழுக்காடு என்று அதே திசையில் சென்றது.

பதில் (அஸ்தம்பட்டி):
உண்மைதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இந்தக் கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும் என்பதால், 2005-இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த வரையறை ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டிருந்தால்தான் அதை முழு மறைவாக ஏற்கிறது. அக்காவின் படம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.